தட்டிப் பார்க்காத படகு

மார்ச் 3

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், என் வலது காலைத் தவிர. உங்கள் மூத்த பெண் வீட்டில் நீங்களும் சம்பந்தியம்மாவும் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களுக்குக் காது மந்தம், எனக்குக் கத்திப் பேச வராது, நடுவில் பேரப்பிள்ளைகள் போனைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால்தான் கடிதம்.

விஷயம் படகைப் பற்றியது. கல்யாணத்தன்று எல்லோர் முன்னாலும் மைக்கைப் பிடித்து, "என் மருமகளுக்கு என் உயிரையே கொடுக்கிறேன்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தீர்களே, அதே படகுதான். மூக்குக்கண்ணாடிக் கடை நடத்திய உங்களை ஊரே கேப்டன் என்று கூப்பிட வைத்த படகு.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு படகுப் பட்டறைக்குப் போனேன். கரையில் தாங்குகட்டைகள் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஏணியில் ஏறி உள்ளே ஒரு காலைத்தான் வைத்தேன். முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. சத்தமே வரவில்லை. மரம் உடைந்தால் ஒரு சத்தமாவது வர வேண்டாமா? ஈர ரொட்டி மாதிரி விட்டுக்கொடுத்தது.

காலை வெளியே எடுத்தபோது ஏதோ கறுப்பாக, வழவழவென்று, சளி மாதிரி நூல் நூலாகத் தொங்கியது. செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. நாற்றத்தைப் பற்றி எழுதாமல் விடுவதுதான் மரியாதை. ஆனாலும் எழுதுகிறேன். அழுகின முட்டை, மாற்றாமல் விட்ட பூச்சாடித் தண்ணீர், இரண்டுக்கும் மேலே டீசல். வேலை பார்த்த காலம் முழுக்கப் பல் ஆஸ்பத்திரியில் அடுத்தவர் வாய்க்குள் உறிஞ்சுகுழாய் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அருவருப்பெல்லாம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தோடு என்னை விட்டுப் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். திரும்பி வந்துவிட்டது, சம்பந்தி. கொண்டுபோன சாப்பாட்டை நாய்க்குப் போட்டேன். அதுவும் என் காலை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளித்தான் நின்றது.

மாப்பிள்ளை விளக்கிச் சொன்னார். மேலே தெரிகிற பைபர் வெறும் ஓடுதானாம். அதற்குள்ளே அடியில் நீளவாக்கில் மரச்சட்டங்கள் ஓடுகின்றனவாம். எஞ்சின் அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, தளமும் அவற்றின் மேல்தான். அந்தச் சட்டங்கள் போனால் அலையில் ஓடு நெளியும், பிறகு பிளக்கும். நாற்காலி பொருத்துவதற்காகத் தளத்தில் யாரோ ஸ்குரூ அடித்திருக்கிறார்கள். அந்த ஓட்டைகளை அடைக்காததால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, வெளியே வர வழியில்லாமல் மரத்திலேயே குடியிருந்திருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்னால் பட்டறைக்காரர் சுத்தியலோடு வந்தார், உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். "ஒரு தடவை தட்டிப் பாத்துடறேன்மா, நல்ல மரம் டக் டக்னு கேக்கும், கெட்டது தொப்பு தொப்புனு கேக்கும்" என்றார். நான்தான் அவரைத் தடுத்தேன். "சம்பந்தி ஆசையா குடுக்கறதத் தட்டிப் பாக்கறதா, அசிங்கமா இருக்கும்" என்றேன். நீங்கள்கூடப் பக்கத்தில் நின்று சிரித்தீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இந்தத் தளத்தைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்? உங்கள் மருமகளுக்கு ஐந்தாம் மாதம். அக்கரைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேலையை இந்தப் படகில்தான் தொடங்கப் போகிறார்கள். குழந்தையும் இதிலேயே வளரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் கேட்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா


மார்ச் 11

அன்புச் சகோதரிக்கு,

கடிதம் கிடைத்தது. கால் எப்படி இருக்கிறது? வெந்நீரில் உப்புப் போட்டு ஊற வையுங்கள். படகில் ஏறும்போது ஓரமாகக் கால் வைக்க வேண்டும், நடுவில் வைக்கக் கூடாது. பழகாதவர்களுக்கு இதெல்லாம் தெரியாதுதான்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தண்ணீரில் கிடக்கிற பொருளில் தண்ணீர் இருக்கிறது என்று யாராவது புகார் எழுதுவார்களா? பழைய படகு என்றால் கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும். எனக்கும்தான் இந்த வயதில் மூட்டில் நீர் கோத்திருக்கிறது. என்னைத் தூக்கிப் போட்டுவிடுவார்களா?

தளத்தைத் திறந்தேனா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஏன் திறக்கப் போகிறேன்? கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியேதான் இருக்கிறது. அந்தப் படகில் என் பிள்ளைகளை ஏற்றியிருக்கிறேன், கடைக்கு வந்த பெரிய மனிதர்களை ஏற்றியிருக்கிறேன். ஒருவர்கூட நாற்றம் என்று மூக்கைப் பொத்தியதில்லை. உங்கள் சம்பந்தியம்மா மட்டும் ஒருநாளும் ஏறியதில்லை. அவளுக்குப் படகு என்று சொன்னாலே தலைசுற்றும்.

இதற்கு வைத்தியம் எளிது. மேலிருந்து வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் போட வேண்டும். உள்ளே ரெசின் பசையை ஊற்ற வேண்டும். அது போய் எல்லாவற்றையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மேலே ஒரு பலகை, அதன் மேல் பெயின்ட். புது மாப்பிள்ளை மாதிரி ஆகிவிடும். பையனுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். என் பேச்சைத் தட்டாத பிள்ளை, அழகாகச் செய்துவிடுவான்.

வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பட்டறைப் பக்கம் விட வேண்டாம். நீங்களும் எதற்கு இந்த அழுக்கில் கை வைக்கிறீர்கள்? அடுத்த மாதம் பத்தாம் தேதி படகைத் தண்ணீரில் இறக்குகிறோம். நானே வந்து முதல் ஓட்டம் ஓட்டிக் காட்டுகிறேன். வெள்ளைத் தொப்பியைத் துவைத்து வைக்கச் சொல்லியாகிவிட்டது.

உங்கள் அன்புச் சகோதரன்,
கேப்டன்


மார்ச் 19

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

கால் பரவாயில்லை. ஓரமாக வைக்கச் சொன்னீர்கள், வைத்துப் பார்த்தேன். ஓரமும் உள்ளே போகிறது.

உங்கள் சொல்படி மாப்பிள்ளை டிரில்லை எடுத்து ஓட்டை போட்டார். ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் கறுப்புத் தண்ணீர் பீறிட்டது, சீழ் பிடித்த கட்டியைக் குத்தினால் வருமே, அப்படி. துளை போட்ட முனையில் மரத்தூள் வரவில்லை. குழைந்த களிதான் வந்தது. வழித்து வழித்துப் போட்டோம். ஈரத்தில் ஊற்றின ரெசின் ஒட்டாது, சம்பந்தி. பட்டறையில் கிடந்த ரெசினை ஒரு ஓட்டையில் ஊற்றியும் பார்த்தார். மறுநாள் அது மிட்டாய் மாதிரி தனியாகக் கழன்று வந்தது, அடியில் ஒரு புழுவும் ஒட்டிக்கொண்டு. அந்தப் புழு உயிரோடு இருந்தது.

அதனால் இடதுபக்கத் தளத்தை மட்டும் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு அறுத்துத் திறந்தோம். இதற்கு மேல் எழுதுவதைச் சம்பந்தியம்மா பக்கத்தில் இல்லாதபோது படியுங்கள்.

பலகையைத் தூக்கினேன். கீழேயிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது.

கத்திவிட்டேன். பட்டறைக்காரர் பீடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். சேற்றைக் கையால் வழித்துப் பார்த்தால், மரத்தில் பெயின்ட்டால் எழுதின பெரிய கண், அதைச் சுற்றி மூக்குக்கண்ணாடி, பக்கத்தில் பாதி எழுத்துகள். அழுகின சட்டத்தின் மேல் நீளவாக்கில் அறுத்த ஒரு போர்டை வைத்து ஆணி அடித்து, மேலே ஒரே ஒரு சுற்று பைபர் துணியை ஒட்டி மூடியிருந்தது. அந்தத் துணியை விரலாலேயே உரித்து எடுத்தேன், காயத்துப் பக்கை உரிக்கிற மாதிரி. இடுக்குகளில் திணித்திருந்தது மஞ்சள் துணி. கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணி. ஒரு வாளி நிறைய வந்தது. பிழிந்தால் கறுப்புத் தண்ணீர். ஒன்றை அலசினேன். "உங்கள் கண், எங்கள் கவலை" என்று அச்சடித்திருந்தது.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். "இது நம்ம கடை போர்டு அத்தை" என்றார். பிறகு போய்க் குழாயடியில் நின்று கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். நான் போய்க் குழாயை மூட வேண்டியிருந்தது.

அந்தப் போர்டை எதிர்க்கடைக்காரர் திருடிக்கொண்டார் என்றுதானே சொன்னீர்கள்? அவர் கடையும் மூக்குக்கண்ணாடிக் கடை, பொறாமை என்று. மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த மனிதரோடு நீங்கள் பேச்சை நிறுத்தினீர்களாம். அவர் பிள்ளையும் மாப்பிள்ளையும் ஒரே வகுப்பாம், அவனோடு பேசக் கூடாது என்று சொல்லிவிட்டீர்களாம். "நானும் பேசல அத்தை. திருடன் வீட்டுப் பையன்னு கூப்டிருக்கேன்" என்றார். படகு அழுகியிருக்கிறது என்று வீட்டில் தெரியக் கூடாது என்பதற்காக ஒரு மனிதரைத் திருடன் ஆக்கினீர்களா? படகின் நாற்றத்துக்காவது மூக்கைப் பொத்திக்கொள்ளலாம்.

போகட்டும். அதை நீங்களும் உங்கள் பிள்ளையும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது வேண்டியது ஒரே ஒரு வரி.

செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்தாகிவிட்டது. எஞ்சினைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். தளம் முழுவதையும் அறுக்க வேண்டும். சட்டங்களை ஒவ்வொன்றாக, ஒன்றுக்கு மாற்று வைத்த பிறகுதான் அடுத்தது என்று எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடு கோணிக்கொள்ளும். எடுப்பதற்கு முன்னால் அட்டையில் அச்சு வெட்டி அளவு எடுக்க வேண்டும். பல் செட்டுக்கு அளவு எடுத்துப் பழகின கை, அதை நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் உங்கள் பிள்ளை உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். "ஊத்தி மூடச் சொல்லியிருக்காரு அத்தை. அப்பா ஒரு வார்த்த வெட்டுன்னு சொல்லட்டும், இப்பவே வெட்டிடறேன்" என்கிறார். நல்ல பிள்ளை. அதுதான் கஷ்டம்.

நான் அதட்டிச் சொன்னால் கேட்பார். ஆனால் மாமியார் பேச்சைக் கேட்டு அப்பா கொடுத்ததை அறுத்துப் போட்டான் என்று ஆகும், அந்தப் பழி என் மகள் தலையில் இறங்கும். ஆயுசுக்கும் அவள் சுமக்க முடியாது. அதனால் உங்களைக் கேட்கிறேன். "வெட்டு" என்று அவருக்கு எழுதுங்கள். காரணம்கூட எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா


மார்ச் 26

சகோதரிக்கு,

பெண்ணைக் கொடுத்த இடத்தில் இப்படியெல்லாம் வார்த்தை வரலாமா? என் வயதுக்காவது மரியாதை வேண்டாமா? உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து இரண்டு வேளை சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் அஜீரணம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கடையில் பழைய மரச்சாமான் எவ்வளவோ கிடந்தது. வேலைக்கு இருந்தவர்கள் யாராவது எனக்குத் தெரியாமல் எடுத்துப் போட்டிருப்பார்கள். எதிர்க்கடைக்காரன் விஷயத்தில் அவன் யோக்கியன் என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்தப் போர்டை எடுக்காவிட்டாலும் அவன் வேறு எதையாவது எடுத்திருப்பான்.

நாற்றம், நாற்றம் என்று வரிக்கு வரி எழுதியிருக்கிறீர்கள். கடல் வாசம் அது. டெட்டால் வாசத்திலேயே காலம் தள்ளினவர்களுக்கு அது பிடிபடாது. எனக்கு அந்த வாசம் இல்லாமல் இங்கே மூச்சே முட்டுகிறது.

படகை வெட்டுவது என்ற பேச்சே வேண்டாம். நான் கொடுத்த பரிசு பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பையனுக்கு மறுபடியும் எழுதிவிட்டேன்: மூடு, பெயின்ட் அடி, பத்தாம் தேதி இறக்கு. இங்கே அக்கம்பக்கம் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. மூத்த மாப்பிள்ளையும் கேமராவோடு வருகிறார். மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்து நான் ஓட்டுகிற மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும். வயிறு தெரிகிற மாதிரி எடுத்தால் நன்றாக இருக்கும், மூன்று தலைமுறையும் ஒரே படத்தில்.

கேப்டன்


மார்ச் 30

சம்பந்தி அவர்களுக்கு,

இத்துடன் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறது, கத்தரிக்கோல் வைத்துத் திறங்கள். என்னுடைய நல்ல சாப்பாட்டு டப்பா, இனிமேல் எனக்கு வேண்டாம்.

உள்ளே இருப்பது எஞ்சினுக்கு நேர் கீழே இருந்த சட்டத்தின் ஒரு துண்டு. நான் கரண்டியால் தோண்டி எடுத்தேன். கத்திகூடத் தேவைப்படவில்லை. கடல் வாசம் இல்லாமல் மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள், திறந்து ஒரு தடவை நன்றாக இழுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மாப்பிள்ளை உங்கள் இரண்டாவது கடிதத்தைப் படித்தார். இன்று காலை புதுப் பலகை வந்து இறங்கியிருக்கிறது. பெயின்ட் டப்பாக்களும் வந்துவிட்டன. மூடப் போகிறார். என் மகள் அந்த நாளுக்கு என்ன புடவை கட்டுவது என்று எடுத்து வைத்திருக்கிறாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உங்கள் பிள்ளையும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல மாட்டீர்கள். மூன்று பேரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு, வயிற்றுப்பிள்ளையோடு அவளை அதன் மேல் உட்கார வைக்கப் போகிறோம்.

முடியாது, சம்பந்தி. பத்தாம் தேதி வரை உங்கள் வரிக்காகக் காத்திருப்பேன். வரவில்லை என்றால் அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நான் சுத்தியலை எடுத்துத் தட்டிக் காட்டுவேன். உங்கள் மூத்த மாப்பிள்ளை அதையும் படம் எடுக்கட்டும். சம்பந்தம் என்ன ஆனாலும் ஆகட்டும்.

உங்கள் மருமகளின் அம்மா


ஏப்ரல் 5

சகோதரிக்கு,

டப்பா வந்தது. தின்பண்டம் என்று நினைத்துப் பேரப்பிள்ளைகள் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்துவிட்டார்கள். சின்னவன் வாந்தி எடுத்தான். பெரியவள், "தாத்தா, ஏதோ செத்துப் போயிருக்கு" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். மூத்த மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நீங்கள் இப்படிச் செய்திருக்க வேண்டாம்.

உங்கள் சம்பந்தியம்மா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். மூக்கைக்கூடப் பொத்தவில்லை. "இந்த நாத்தம் எனக்குத் தெரியும்" என்றாள். "உங்க சட்டையில தொவைக்கத் தொவைக்கப் போகாம இருந்தது இதானே" என்றாள். பிறகு அவளே டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டாள். திரும்பி வந்து, "எனக்கு எந்தக் காலத்துலயும் தலை சுத்தினதே இல்ல" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை. தட்டில் சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். இத்தனை வருஷம் இல்லாத புதுப் பழக்கம்.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். மழை வரப் போகிறது, அவசரம், கையில் கிடைத்ததை வைத்து அடைப்போம். நான் ஒருவன் செய்துவிட்ட மாதிரி பேசக் கூடாது. பொதுவாகச் சொல்கிறேன்.

பையனுக்கு ஒரு சீட்டு இதோடு வைத்திருக்கிறேன். கொடுத்துவிடுங்கள். அந்தப் போர்டை மட்டும் எரித்துவிடச் சொல்லுங்கள். யார் கண்ணிலும் பட வேண்டாம்.

பத்தாம் தேதி எனக்கு வர முடியாது. மூட்டுவலி.

இன்னொன்று. பையன் சின்னக் குழந்தையாக இருந்தபோது கிடந்த மரத்தொட்டில் இங்கே பத்திரமாக இருக்கிறது. நல்ல மரம், வேலைப்பாடு செய்தது. பெயின்ட் அடிக்கக் கொடுத்திருக்கிறேன். உங்கள் பேரக்குழந்தைக்கு என் பரிசாக அனுப்பி வைக்கிறேன். மறுக்கக் கூடாது.

சகோதரன்


ஏப்ரல் 20

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

சீட்டைக் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை பலகைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். "வெட்டு. எல்லாவற்றையும் வெட்டு. அப்பா." அவ்வளவுதான் இருந்தது, நானும் பார்த்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய் அறுக்கும் மெஷினை எடுத்து வந்தார். சாயங்காலம் வரை நிறுத்தவில்லை.

எஞ்சினைத் தூக்கியபோது அதன் காலில் இருந்த போல்ட்டுகள் கூடவே வந்துவிட்டன. யாரும் கழற்றவில்லை. பிடித்துக்கொள்ள மரம் இருந்தால்தானே. பட்டறைக்காரர் அந்தப் போல்ட்டைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "பத்தாந்தேதி தண்ணில எறக்கியிருந்தா பதினொண்ணாந்தேதி நான் வேற தொழில் பாத்திருப்பேன்" என்றார். அவர் சொல்வதில் பாதிதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாதியே எனக்குப் போதும்.

வெட்டி எடுத்ததைச் சாக்குகளில் கட்டினோம். குப்பை வண்டிக்காரர் ஒரு சாக்கைப் பிரித்து முகர்ந்துவிட்டு மீதியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாங்களே கொண்டுபோய்ப் போட்டோம். தலைமுடி, நகக்கண், காதுமடல் என்று எல்லா இடத்திலும் அந்த நாற்றம். பைபர் தூள் வேறு பட்டு உடம்பெல்லாம் அரிப்பு. என் மகள் என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். "என்னை உக்கார வச்சு ஃபோட்டோ எடுக்கறதா இருந்துச்சா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே போய் எடுத்து வைத்திருந்த புடவையை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

இப்போது ஓடு காய்ந்துவிட்டது. முதல் சட்டம் உட்கார்ந்தாயிற்று. நல்ல மரம், எல்லாப் பக்கமும் ரெசின் பூசி, மூலைகளைக் கூர் இல்லாமல் வளைத்து, பைபர் துணியைச் சுற்றுமேல் சுற்றாக ஒட்டி, ஒவ்வொரு சுற்றிலும் காற்றுக்குமிழ் இல்லாமல் உருட்டியிருக்கிறார் உங்கள் பிள்ளை. நாற்காலிக்கு இனிமேல் ஒரு ஸ்குரூ அடித்தாலும் முதலில் ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் அடிப்பாராம். மழைக்காலம் முடிவதற்குள் படகு தயாராகாது. குழந்தை முதலில் வரும், படகு பிறகு. அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை.

போர்டை எரிக்கவில்லை. நான் எரிக்கத்தான் சொன்னேன். அவர் அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் காய வைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிர்க்கடைக்காரர் வீட்டுக்குப் போனார். கடையை இப்போது பையன் பார்த்துக்கொள்கிறானாம், பெரியவர் வீட்டோடு இருக்கிறாராம். உங்கள் பிள்ளை போர்டை அவர் முன்னால் வைத்து, எங்கே இருந்தது என்று சொல்லியிருக்கிறார். பெரியவர் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "நான் எடுக்கலன்னு என் பொண்டாட்டிகிட்ட சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன் தம்பி. அவ போய்ச் சேந்துட்டா. இப்ப எதுக்கு இதக் கொண்டாந்த" என்றாராம். டீ கொடுத்தார்களாம். மாப்பிள்ளையால் குடிக்க முடியவில்லையாம். நாற்றம் தொண்டையிலேயே நிற்கிறது என்றார். அது எந்த நாற்றம் என்று நான் கேட்கவில்லை.

மாப்பிள்ளை உங்களுக்கு எழுதுவார், ஆனால் இப்போது இல்லை. எழுதச் சொல்லி நானும் வற்புறுத்தப் போவதில்லை. அந்தச் சீட்டு இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது. துவைக்கும்போது எடுத்து வைத்து, காய்ந்த பிறகு திரும்ப வைக்கிறேன்.

சம்பந்தியம்மாவிடம் சொல்லுங்கள், பிரசவத்துக்கு அவர்கள்தான் முதலில் வர வேண்டும். படகு முடிந்ததும் முதல் ஓட்டத்திலும் அவர்களுக்குத்தான் இடம். தலைசுற்றல் இல்லை என்றுதான் தெரிந்துவிட்டதே.

தொட்டிலை அனுப்புங்கள். மறுக்க மாட்டேன், உங்கள் பேரக்குழந்தைக்கு நீங்கள் கொடுப்பது. ஆனால் பெயின்ட் அடிக்க வேண்டாம், அடித்திருந்தால் சுரண்டிவிட்டு அனுப்புங்கள். வந்து இறங்கியதும் வாசலிலேயே வைத்து நான்கு காலையும் தட்டிப் பார்ப்பேன். அடிப்பலகையைக் கழற்றி முகர்ந்தும் பார்ப்பேன். அக்கம்பக்கத்தார் பார்க்கப் பார்க்கத்தான் செய்வேன். தப்பாக நினைக்க வேண்டாம், சம்பந்தி. நினைத்தாலும் தட்டுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பேரக்குழந்தையின் பாட்டியாகப் போகிறவள்